கழுத்து உள்ள பை

கருப்பைக் கழுத்து என்று
கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள்
சுபோதினி கேட்டாள்:
"பைக்குக் கழுத்து இருக்குமா டீச்சர்?"
பின் வாங்கிலிருந்து ஒருத்தி,
"சங்கிலி போடலாமா?"
தரம் ஆறு முழுக்கச் சிரித்தது,
தகரத்தில் மழையும்.

நானும் சிரித்தேன்.
சிரிக்காவிட்டால் அடுத்த வரியை
எழுதியிருக்க மாட்டேன்.
ஒரு கிருமி.
பெரியவளான பிறகு எப்போதோ வரலாம்,
வந்தது தெரியாமல் பல வருஷம் இருக்கலாம்.
அது வருமுன் போடுவது இந்த ஊசி,
இப்போது ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று.
ஜன்னலில் தொங்கிய பையன்கள்
"எங்களுக்கு இல்லையா?" என்றார்கள்.
எப்படி வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல
இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்
வெண்கட்டித் தூளோடு
கையிலேயே நின்றது.

படிவங்கள் இருபத்தாறு போயின.
இருபத்தைந்து திரும்பின.
ஒன்றில் தேநீர்க் கறை,
ஒன்றில் பெருவிரல்,
ஒன்றில் அப்பா கொழும்பில் என்று
அக்காள் எழுதிய குறிப்பு.
யதுர்ஷிகாவின் படிவம் வரவில்லை.
அவள் அம்மா வந்தாள்.

இராசமலர்.
மலையிலிருந்து நேரே,
இடுப்புப் படங்கில் ஈரம் சொட்ட.
மடித்த தாளை மேசையில் வைத்தாள்.
"இது சிங்களத்துல இருக்கு."
தமிழ்ப் படிவம் தீர்ந்துவிட்டதாம் என்றேன்.
"அன்னைக்கும் சிங்களத்துலதான் இருந்துச்சு."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.
சின்னவன் பிறந்து நாற்பதாம் நாள்,
தோட்டத்து லொறி,
இன்னும் ஏழு பொம்பிளைகள்,
கையெழுத்து வையி, மூணு நாள் பேரு உண்டு.
"வச்சேன். பேரு போட்டாங்க.
வயித்துல என்ன செஞ்சாங்கன்னு
லயத்துக்கு வந்துதான் தெரிஞ்சுது.
இது அந்த ஊசியா டீச்சர்?"

இல்லை என்ற சொல்
எவ்வளவு சிறியது.
லொறியிலும் யாரோ அதைச் சொல்லியிருப்பார்கள்.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு
முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்தேன்.
காய்ச்சல் வரலாம் என்பதை,
கை வலிக்கலாம் என்பதை,
வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டு என்பதை.
அந்த வரியை இன்னொரு தடவை கேட்டாள்.
அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை.
பிள்ளை பெற இது தடையில்லை என்று
படிவத்தில் எங்கும் இல்லை.
அதை நானே பேனாவால் எழுதி
கீழே என் பெயரையும் போட்டேன்.

பெயரைப் பார்த்தாள். பிறகு என்னை.
"நீங்க போட்டுக்கிட்டீங்களா?"
"நான் படிக்கையில் இது இல்லை.
எங்களுக்கு முப்பத்தைந்தில் ஒரு சோதனை."
"செஞ்சீங்களா?"

எனக்கு முப்பத்தெட்டு.
தலவாக்கலையில் ஏறி
லிந்துலை கிளினிக்கைத் தாண்டித்தான்
வாரத்துக்கு ஐந்து நாள்
அக்கரப்பத்தனைக்கு வருகிறேன்.
"இல்லை."

அவள் கையெழுத்து வைக்காமல் போனாள்.

செவ்வாய்க்கிழமை, குளிர்ப்பெட்டி வந்த பிறகு
வாசலில் நின்றாள், தாளோடு.
அரைப்பேர் போயிருக்கும்.
நிலந்தி மிஸ்ஸிடம் மருந்துக் குப்பியை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
பிறகுதான் கையெழுத்து.
யதுர்ஷிகா கண்ணை மூடிக்கொண்டு
ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள்.
மூவேழு இருபத்தொன்றில் எல்லாம் முடிந்தது.
அம்மா கண்ணை மூடவில்லை.

ஊசி போட்டவர்கள் கால்மணி நேரம்
வாங்கில் இருக்க வேண்டும்.
சங்கிலிக் கதை மறுபடி கிளம்பியது,
இப்போது பதக்கத்தோடு.
நிலந்தி மிஸ் வேறொரு பதிவேட்டைத் திறந்து
"கிளினிக் புதன்கிழமை" என்றார் தன் தமிழில்,
எங்கள் இருவரையும் பார்த்து.

"புதன்னா இன்னொரு அரைப்பேரு" என்றாள் இராசமலர்.
எனக்கு முதல் பாடம் ஏழாம் ஆண்டுக்கு.
மேசைமேல் பேனா கிடந்தது.

"நீங்க எழுதுங்க டீச்சர்,
நான் பாத்துட்டு எழுதுறேன்."